ஒரே விகித வருமான வரியா, படிப்படியான வரியா? டெல்டாவிலிருந்து ஒரு கணக்கு

ஒவ்வொரு பட்ஜெட் முடிந்ததும் இந்தக் கேள்வி வாசகர்களிடமிருந்து வந்துவிடுகிறது: வருமான வரியில் இத்தனை ஸ்லாப் (வருமானப் படி), ரிபேட் (வரித் தள்ளுபடி), சர்சார்ஜ் (வரியின் மேல் கூடுதல் வரி) எல்லாம் எதற்கு? எல்லாருக்கும் ஒரே விகிதம் என்று வைத்துவிட்டால் நியாயமாகவும் இருக்கும், லேசாகவும் இருக்குமே?

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவருக்கு ஒரு கணக்கு. மன்னார்குடியில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வேறு கணக்கு. நீடாமங்கலம் பக்கம் அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு விடுபவருக்கும், நிலமும் ரைஸ்மில்லும் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இன்னும் வேறு. வருமான வரியே கட்டாத விவசாயக் கூலித் தொழிலாளியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வரி விகிதத்தை மாற்றினால் அவர் வீட்டுச் செலவும் மாறும். இவர்கள் எல்லாரையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

## முதலில், இப்போது என்ன நடக்கிறது

புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டுக்கு, முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரையான பகுதிக்கு 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 ரூபாய் வரை ரிபேட் கிடைத்து, கட்ட வேண்டியது பூஜ்யமாகிவிடும். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்ந்து 12.75 லட்சம் வரை வரி இல்லை.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிட வேண்டும். ஸ்லாப் தாண்டினால் மொத்த வருமானத்துக்கும் கூடுதல் விகிதம் விழும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு மார்ச் மாத பில்லை ஏப்ரலுக்குத் தள்ளிப்போடும் வியாபாரிகள் இருக்கிறார்கள். தேவையே இல்லாத வேலை அது.

ஆனால் அந்தப் பயத்துக்கு உண்மையாகவே இடம் இருக்கும் ஒரு புள்ளி உண்டு. அது 12 லட்சம். அதைத் தாண்டினால் ரிபேட் போய்விடும். திடீரென்று 60,000 ரூபாய் விழாமல் இருக்க ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள்: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தீர்களோ அதைவிட அதிகமாக வரி வராது. நல்ல ஏற்பாடுதான். அதன் விளைவு என்னவென்றால், 12 லட்சத்துக்கு மேல் வரும் முதல் 70,000 ரூபாய் சொச்சம் அப்படியே வரிக்குப் போகிறது. அந்தத் துண்டில் உண்மையான விகிதம் 100 சதவீதம். வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் இந்தப் படிநிலை வரியை ஆதரிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்கள் வைத்துக்கொள்கிறேன். ஒன்று, சுமை யார் தோளில் ஏறுகிறது. இரண்டு, ஒரு வருடம் நல்லது, ஒரு வருடம் மோசம் என்று வருமானம் ஆடுகிற தொழில்களை எப்படி நடத்துகிறது. மூன்று, விவசாய வருமானமும் வேறு வருமானமும் கலந்த குடும்பங்களில் என்ன ஆகிறது. நான்கு, எளிமையும் ஏய்ப்பும். ஐந்து, வசூலாகும் பணத்தில் மாநிலத்துக்கு எவ்வளவு திரும்பி வருகிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் பொதுவான கட்டுரைகளில் அவ்வளவாக வருவதில்லை. டெல்டாவுக்கு அவைதான் முக்கியம் என்பது என் எண்ணம். அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

எடைபோட வேண்டிய வழிகள் மூன்று:

முதல் வழி: இப்போதுள்ள படிநிலை வரி.

இரண்டாம் வழி: விலக்கே இல்லாத ஒரே விகிதம். எல்லாருக்கும், முதல் ரூபாயிலிருந்து. கணக்குக்காக 10 சதவீதம் என்று வைக்கிறேன்.

மூன்றாம் வழி: ஒரு விலக்கு வரம்பு வரை வரி இல்லை, அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம். கணக்குக்காக 8 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம்.

இரண்டாம், மூன்றாம் வழிகளின் விகிதங்கள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. இந்தியாவில் யாரும் அறிவித்தவை அல்ல. வரியின் மேல் தனியாக வாங்கும் செஸ்ஸைச் சேர்க்காமல், தொழில் வருமானம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது:

| ஆண்டு வருமானம் | முதல் வழி | இரண்டாம் வழி (10%) | மூன்றாம் வழி (8 லட்சத்துக்கு மேல் 20%) |
|---|---|---|---|
| 1 லட்சம் | 0 | 10,000 | 0 |
| 6 லட்சம் | 0 | 60,000 | 0 |
| 12 லட்சம் | 0 | 1,20,000 | 80,000 |
| 16 லட்சம் | 1,20,000 | 1,60,000 | 1,60,000 |
| 25 லட்சம் | 3,30,000 | 2,50,000 | 3,40,000 |
| 50 லட்சம் | 10,80,000 | 5,00,000 | 8,40,000 |

## இரண்டாம் வழி: முதல் ரூபாயிலிருந்து ஒரே விகிதம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் சம்பாதிக்கும் நடவுத் தொழிலாளியிடம் 10,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 50 லட்சம் சம்பாதிப்பவருக்கு 5,80,000 ரூபாய் குறைக்கிற திட்டம் இது. "எல்லாரும் கொஞ்சமாவது கட்டினால்தான் நாட்டின் மேல் பொறுப்பு வரும்" என்று இதற்கு ஒரு வாதம் சொல்கிறார்கள். அந்தத் தொழிலாளி ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். 25 கிலோ வரை மூட்டைகட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. நெல் விளைவிக்கும் ஊரிலேயே கடை அரிசிக்கு அவர் வரி கொடுக்கிறார். சோப்பு, செல்போன் ரீசார்ஜ் எல்லாவற்றிலும் மில் முதலாளி கட்டும் அதே விகிதம்தான் அவருக்கும். ஜி.எஸ்.டி. என்பதே ஏழை பணக்காரர் பார்க்காத வரி. மேல் வருமானத்தில் கூடுதலாக எடுப்பதுதான் அதை ஓரளவு சமப்படுத்துகிறது. அதையும் எடுத்துவிட்டால் மொத்த வரிச்சுமை தலைகீழாகிவிடும்.

இதில் மறைந்திருக்கும் செலவும் பெரியது. திருத்துறைப்பூண்டியிலும் வேதாரண்யத்திலும் தினக்கூலிக்கு ரிட்டர்ன் போட வைப்பது, சரிபார்ப்பது, நோட்டீஸ் அனுப்புவது என்று ஆகும் செலவு, அவரிடம் வசூலாவதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இது சிறந்த தேர்வாக இருக்கும் சூழல் ஏதாவது உண்டா? மக்கள்தொகை குறைவாக, கிட்டத்தட்ட எல்லாரும் மாதச் சம்பளக்காரர்களாக, ஏழைகளுக்கு நேரடிப் பண உதவி பலமாக இருக்கும் நாட்டில் யோசிக்கலாம். காவிரிக் கரையில் இல்லை. இனி இந்த வழியை ஒதுக்கிவிடுகிறேன். உண்மையான போட்டி முதலாவதற்கும் மூன்றாவதற்கும்தான்.

## மூன்றாம் வழி: வரம்புக்கு மேல் ஒரே விகிதம்

ஒரே விகிதத்தைப் பேசும் அறிஞர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஹால், ஆல்வின் ரபுஷ்கா என்ற இருவர் 1980-களின் தொடக்கத்தில் முன்வைத்த புகழ்பெற்ற திட்டத்தில் 19 சதவீதம் ஒரே விகிதம். குடும்பத்துக்கு ஒரு விலக்குத் தொகையும் இருந்தது.

சுமை. விகிதம் ஒன்றாக இருந்தாலும், விலக்கு இருப்பதால் சராசரிச் சுமை படிப்படியாகத்தான் ஏறும். அட்டவணையைப் பாருங்கள்: 12 லட்சக்காரருக்கு வருமானத்தில் 6.7 சதவீதம், 16 லட்சத்துக்கு 10, 25 லட்சத்துக்கு 13.6, 50 லட்சத்துக்கு 16.8. ஆக, "ஒரே விகிதம் என்றால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே சுமை" என்பது மூன்றாம் வழிக்குப் பொருந்தாது. ஆனால் இப்போதுள்ள முறையோடு ஒப்பிட்டால் 12 லட்சக்காரருக்கு 80,000 கூடுகிறது, 16 லட்சக்காரருக்கு 40,000 கூடுகிறது, 50 லட்சக்காரருக்கு 2,40,000 குறைகிறது. நடுவில் இருப்பவர் தலையில் ஏற்றி மேலே இருப்பவருக்கு இறக்கிவைப்பதுதான் இந்த வடிவத்தின் இயல்பு.

வரம்பையும் விகிதத்தையும் மாற்றிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். 12 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 30 சதவீதம் என்று வைத்தால் 16 லட்சக்காரருக்கு 1,20,000 வருகிறது. இப்போது கட்டுவதும் அதேதான். 12-க்கும் 16-க்கும் இடையில் உள்ளவருக்குக் குறைகிறது. 24 லட்சத்துக்கு மேல் உள்ளவர் இப்போது கட்டுவதைவிட 60,000 கூடுதலாகக் கட்டுவார். 12 லட்சத்தைத் தாண்டியதும் வரும் அந்த 100 சதவீதத் துண்டும் மறைந்துவிடும். ஒரே விகிதத்தின் குணத்தை முடிவு செய்வது வரம்பு எங்கே நிற்கிறது என்பதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. யாராவது ஒரே விகிதம் பற்றிப் பேசினால், "விகிதம் எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "வரம்பு எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள்.

ஆடும் வருமானம். இங்கேதான் ஒரே விகிதத்துக்கு உண்மையான பலம் இருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை, டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. குறுவை சுருங்கிய வருடங்களில் நிலத்துக்காரர் மட்டும் அடிபடவில்லை. உரக்கடை, டிராக்டர், அறுவடை இயந்திரம், லாரி, நெல் வியாபாரம் எல்லாம் சேர்ந்து அடிபட்டன. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னையைச் சாய்த்தபோது தேங்காய் வியாபாரமும் கயிறு ஆலைகளும் அதோடு சாய்ந்தன. விவசாயிக்கு வருமான வரி இல்லை. அவரைச் சுற்றியிருக்கும் இந்தத் தொழில்களுக்கு உண்டு.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு வருடமும் 20 லட்சம் சம்பாதிக்கிறார். இன்னொருவர் அறுவடை இயந்திரக்காரர்: ஒரு வருடம் 8, மறு வருடம் 32. இருவருக்கும் மொத்தம் 40 லட்சம்தான். இப்போதுள்ள முறையில் முதலாமவர் கட்டுவது 4,00,000. இரண்டாமவர் கட்டுவது 5,40,000. வானமும் அணையும் செய்த ஏற்ற இறக்கத்துக்கு 1,40,000 அபராதம். மூன்றாம் வழியில் இருவருக்கும் 4,80,000. வித்தியாசமே இல்லை. நஷ்டத்தை எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் சென்று கழிக்கச் சட்டம் இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் மேலே சொன்னவருக்கு நஷ்டம் வரவில்லை, வருமானம்தான் குறைந்தது. அதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் இதில் உண்டு. மோசமான வருடம் விலக்கு வரம்புக்கும் கீழே போய்விட்டால் ஒரே விகிதமும் காப்பாற்றாது. 4, 36 என்று வந்தால் மூன்றாம் வழியிலும் 5,60,000 ஆகிவிடும். வரம்பை 12 லட்சத்துக்கு உயர்த்தினால் இந்தப் பிரச்சினை இன்னும் பலரைத் தொடும்.

ஆடும் விளைச்சலுக்கு ஒரே கணக்கு வைப்பதில் உள்ள சிக்கல் இந்த மண்ணுக்குப் பழையது. ரயத்துவாரி காலத்து நிலத்தீர்வை ஏக்கருக்கு இவ்வளவு என்று இருந்தது. நிலத்தின் தரத்துக்கு ஏற்ப அது மாறும். ஆனால் அதே தரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இருபது வேலி வைத்திருப்பவருக்கும் ஏக்கர் கணக்கு ஒன்றுதான். பயிர் பொய்த்தால் வஜா, அதாவது தீர்வைத் தள்ளுபடி, கேட்டு மனுக் கொடுப்பார்கள். விகிதம் ஒன்றாக இருந்தாலும் கெட்ட வருடத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது.

சம்பளக்காரருக்கும் இதில் ஒரு சின்ன நன்மை இருக்கிறது. அகவிலைப்படி அரியர் மொத்தமாக வரும் வருடம் ஆசிரியர் மேல் ஸ்லாப்புக்குப் போய்விடுகிறார். அதைச் சரிக்கட்டத் தனிப் படிவம் போட்டு நிவாரணம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே விகிதத்தில் அந்தப் படிவமே தேவைப்படாது.

விவசாய வருமானம் கலந்த குடும்பம். மூன்றாம் வழி சறுக்குகிற இடம் இது.

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது. அரசியல் சட்டப்படி அது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நெல் விற்ற பணமும் நிலக் குத்தகையும் இதில் அடங்கும். ரைஸ்மில் லாபம் அடங்காது. நாகப்பட்டினம், சீர்காழிக் கடலோரத்து இறால் பண்ணை வருமானமும் அடங்காது. சரி, ஆனால் ஒருவருக்கு இரண்டு வருமானமும் இருந்தால்? விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேலும் மற்ற வருமானம் விலக்கு வரம்புக்கு மேலும் இருந்தால், விகிதத்தைத் தீர்மானிக்க மட்டும் விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதன் மேல் வரி விழாது. மற்ற வருமானம் மேல் ஸ்லாப்புக்குத் தள்ளப்படும்.

மில் லாபம் 15 லட்சம், நெல்லிலிருந்து 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சத்துக்கான வரி 3,30,000. விவசாய வருமானத்தோடு விலக்கு வரம்பைக் கூட்டினால் வரும் 14 லட்சத்துக்கான வரி 90,000. வித்தியாசம் 2,40,000, அதுதான் அவர் கட்ட வேண்டியது. நிலமே இல்லாமல் அதே 15 லட்சம் சம்பாதிக்கும் பாத்திரக்கடைக்காரர் கட்டுவது 1,05,000. வசதி அதிகம் உள்ளவர் அதிகம் கட்டுகிறார். நியாயம்.

மூன்றாம் வழியில் இதே கணக்கைப் போடுங்கள். 25 லட்சத்துக்கு 3,40,000. அங்கே விலக்கு 8 லட்சம் என்பதால், அடுத்து 18 லட்சத்துக்கான வரி 2,00,000. வித்தியாசம் 1,40,000. நிலமில்லாத கடைக்காரருக்கும் அதே 1,40,000 தான். படி இல்லாத இடத்தில் மேல் படிக்குத் தள்ள முடியாது. சட்டத்தில் அந்தப் பிரிவு அப்படியே இருந்தாலும் அதற்கு வேலை இருக்காது. நிலமும் தொழிலும் சேர்ந்து இருக்கும் பெரிய குடும்பங்களுக்கு லட்சம் ரூபாய் லாபம்; நிலமில்லாத கடைக்காரருக்கு 35,000 கூடுதல் சுமை. ஒரே விகிதம் பற்றிய பேச்சில் இந்த விஷயத்தை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம். சென்னைக்கோ கோவைக்கோ இது சின்ன விஷயமாக இருக்கலாம். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் இதுதான் பெரிய விஷயம்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒரே விகிதம் வந்தால், விவசாய வருமானம் முதலில் விலக்கு வரம்பை நிரப்பட்டும் என்று விதி வைக்கலாம். மேலே சொன்ன மில்காரருக்கு 10 லட்சம் விவசாய வருமானம் 8 லட்ச வரம்பை நிரப்பிவிடும். 15 லட்சத்துக்கும் 20 சதவீதம், 3,00,000. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஆசிரியர் இதில் மாட்டாதபடி ஒரு தொடக்க அளவு வைத்தே ஆக வேண்டும்.

எளிமை. ஒரே விகிதம் எளிது என்பது பாதிதான் உண்மை. ஸ்லாப் கணக்கை மென்பொருள் ஒரு நொடியில் போட்டுவிடுகிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் நேரம் போவது வேறு இடத்தில்: எது வருமானம், எது செலவு, எது விவசாயம், அதற்கு அடங்கலும் சிட்டாவும் கொள்முதல் நிலைய ரசீதும் எங்கே. விகிதம் ஒன்றானால் இதில் ஒன்றும் குறையாது. சிறு வியாபாரிக்கு உண்மையான எளிமை தந்தது வேறு விதி: விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழி வந்த தொகைக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டு, விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமல் ரிட்டர்ன் போடலாம். அது ஸ்லாப் முறைக்குள்ளேயே இருக்கிறது.

ஏய்ப்பில் கொஞ்சம் மாற்றம் வரும். வருமானத்தை மனைவி பெயர், கூட்டுக் குடும்ப ஃபைல் என்று பிரித்துக் காட்டுவதில் கிடைக்கும் லாபம் குறையும். தொழில் வருமானத்தை நெல் வருமானமாகக் காட்டும் ஆசையும் 30 சதவீதத்தைவிட 20 சதவீதத்தில் குறைவுதான். விலக்கு இருக்கும் வரை முழுதாகப் போகாது.

மாநிலத்துக்கு வருவது. இங்கே ஒரே விகிதத்துக்குச் சாதகமாக ஒரு நல்ல வாதம் இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் 10, ஒரு கோடிக்கு மேல் 15, இரண்டு கோடிக்கு மேல் 25 சதவீதம் என்று மத்திய அரசு வாங்கும் சர்சார்ஜும், எல்லாரிடமும் வாங்கும் 4 சதவீத செஸ்ஸும் மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை. மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில், 15-வது குழுவின் காலத்தில் (2021-26) பகிரக்கூடிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போனது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. சர்சார்ஜையும் செஸ்ஸையும் விகிதத்துக்குள் கரைத்துவிட்டால் அதே வசூலில் தமிழ்நாட்டுக்கு அதிகம் வரும். வாய்க்கால் தூர்வாருவதும் கொள்முதல் நிலையங்களுக்குக் கூரை போடுவதும் அந்தப் பணத்தில்தான். ஆனால் மொத்த வசூலே விழுந்தால் பங்கும் விழும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, உறைந்துபோகும் வரம்பு. பழைய வரி முறையில் 2014-ல் 2.5 லட்சமாக்கிய வரம்பு இன்றும் 2.5 லட்சம்தான். ஒரே விகிதத்தில் ஏழைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த வரம்பு. விலைவாசியோடு அது ஏறாவிட்டால், பத்து வருடத்தில் மூன்றாம் வழி மெல்ல இரண்டாம் வழியை நோக்கி நகர்ந்துவிடும். இரண்டாவது, விடுபட்ட வருவாயை அரசு எங்கே ஈடுகட்டும் என்பது. ஹங்கேரியில் வருமான வரி 15 சதவீதம் ஒரே விகிதம். அங்கே நம் ஜி.எஸ்.டி. போன்ற மதிப்புக்கூட்டு வரி 27 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிகம்.

## முதல் வழி: இப்போதுள்ள படிநிலை

மேலே ஒப்பிட்டதில் இதன் பக்கம் பெரும்பாலும் வந்துவிட்டது. 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. நில வருமானத்தையும் கணக்கில் எடுக்கிறது. மேலே உள்ளவரிடம் கூடுதலாக வாங்குகிறது. குறைகள் மூன்று: ஆடும் வருமானத்தைத் தண்டிக்கிறது, 12 லட்சத்தில் 100 சதவீதத் துண்டு, மாநிலத்துக்குப் பங்கில்லாத சர்சார்ஜ்.

படிநிலை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1973-74-ல் உச்ச விகிதம் சர்சார்ஜோடு 97.75 சதவீதம். யார் கட்டுவார்கள்? மறைத்தார்கள். 1997-ல் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்றே படிகளாக்கினார். அந்த 30 தான் இன்றுவரை உச்ச ஸ்லாப்பாக நிற்கிறது. படிகள் இருப்பதால் ஏய்ப்பு வருவதில்லை. படி எட்டாத உயரத்துக்குப் போகும்போது வருகிறது.

## போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாடுகள்

எஸ்டோனியா 1994-ல் 26 சதவீதத்தோடு ஒரே விகிதத்துக்குப் போனது, விகிதம் மாறினாலும் இன்றும் ஒரே விகித முறையில்தான் இருக்கிறது. 2018-ல் அங்கே விலக்குத் தொகையை வருமானம் ஏற ஏறக் குறையும்படி மாற்றினார்கள். அதாவது படியை விகிதத்தில் வைக்காமல் விலக்கில் வைத்தார்கள். பல்கேரியா 2008 முதல் 10 சதவீதத்தில் நிற்கிறது.

ரஷ்யா 2001-ல் 13 சதவீதம் கொண்டுவந்தபோது வசூல் ஏறியது. ஒரே விகிதத்தை ஆதரிப்பவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 2005-ல் ஆராய்ந்து, வசூல் ஏறியதற்கு விகிதக் குறைப்புதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று முடிவு செய்தார்கள். ரஷ்யாவும் 2021-ல் இரண்டாம் விகிதத்தைச் சேர்த்தது. 2025 முதல் 13-லிருந்து 22 வரை ஐந்து படிகள் அங்கே. ஸ்லோவாக்கியா 2013-லும், லாட்வியா 2018-லும், லிதுவேனியா 2019-லும் படிகளுக்குத் திரும்பிவிட்டன.

## யாருக்கு எது

தினக்கூலி, சிறுகடை, 12 லட்சத்துக்குள் உள்ள எல்லாருக்கும் முதல் வழிதான். ஆசிரியர், வங்கி ஊழியர் போன்றோருக்கும் அதுவே. அரியர் படிவம் ஒன்றுக்காக 40,000 கூடுதலாகக் கட்டத் தேவையில்லை. அறுவடை இயந்திரம், லாரி, உரக்கடை என்று வானத்தைப் பார்த்து நடக்கும் தொழிலில் சராசரியாக 25 லட்சத்துக்கு மேல் வருபவருக்கு மூன்றாம் வழி உண்மையிலேயே நியாயமானது. நிலமும் மில்லும் சேர்ந்த குடும்பத்துக்கும் 50 லட்சத்தைத் தொடுபவருக்கும் அது லாபமானது. நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு முதல் வழி, இரண்டு திருத்தங்களோடு. தொழில் வருமானத்தை மூன்று வருடச் சராசரியில் வரி கணக்கிட்டுக்கொள்ளும் விருப்பம் தர வேண்டும். ஒரே விகிதத்தின் மிகப் பெரிய நன்மை அப்போது படிகளை இழக்காமலேயே கிடைத்துவிடும். சர்சார்ஜை அடிப்படை விகிதத்துக்குள் கொண்டுவந்து மாநிலங்களோடு பகிர வேண்டும். அதையும் மீறி ஒரே விகிதம்தான் என்று நாடாளுமன்றம் முடிவு செய்தால், 12 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம், வரம்பு விலைவாசியோடு ஏறும், விவசாய வருமானம் முதலில் வரம்பை நிரப்பும் என்ற வடிவத்தைத்தான் டெல்டாவின் எம்.பி.க்களிடம் கேட்பேன்.

## இப்போதே உங்கள் கையில் இருக்கும் தேர்வு

ஒரே விகிதம் வருமா என்பது டெல்லியில் முடிவாவது. பழைய முறையா, புதிய முறையா என்பது நீங்கள் முடிவு செய்வது. கழிவுகளைக் கைவிட்டால் குறைந்த விகிதம் என்ற புதிய முறையில் ஒரே விகிதச் சிந்தனையின் சாயல் இருக்கிறது. 16 லட்சம் தொழில் வருமானம் உள்ளவருக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமானால் கழிவுகள் 5.75 லட்சத்தைத் தாண்ட வேண்டும். 25 லட்சத்துக்கு 7.75 லட்சம். வீட்டுக்கடன் வட்டி, எல்.ஐ.சி., மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்தும் பெரும்பாலானோர் அதைத் தொட மாட்டார்கள்.

சம்பளம் மட்டும் உள்ளவர் ஒவ்வொரு வருடமும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் அப்படி மாறிக்கொண்டே இருக்க முடியாது: பழைய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒருமுறைதான் புதியதுக்குத் திரும்பலாம், அதற்குப் பிறகு மீண்டும் பழையதுக்குப் போக வழியில்லை. அதனால் ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் கணக்குப் போடச் சொல்லி, நிலத்து வருமானத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.